உறுதிமொழி எடுக்கும் வரை: அமெரிக்கக் குடியுரிமையின் கடைசிக் கட்டம்

அமெரிக்கக் குடியுரிமைக்கான நேர்காணல் முடிந்ததும் அதிகாரி விண்ணப்பதாரரின் கையில் ஒரு தாளைக் கொடுத்து அனுப்புகிறார். என்-652 என்ற எண்ணுள்ள அந்தத் தாளில், ஆங்கிலத் தேர்விலும் குடிமையியல் தேர்விலும் அவர் தேறிவிட்டார் என்றும், விண்ணப்பத்தை ஏற்கப் பரிந்துரைக்கப்பட்டுள்ளது என்றும் குறித்திருந்தால், அன்று மாலையே பல வீடுகளில் இனிப்பு வாங்கிவிடுகிறார்கள். "சிட்டிசன்ஷிப் கிடைத்துவிட்டது" என்று ஊருக்கும் தகவல் போய்விடுகிறது. ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் மகிழ்வது இயல்புதான். ஆனால் சட்டத்தின் பார்வையில் அன்று எதுவும் மாறவில்லை. அவர் முந்தைய நாள் எப்படி நிரந்தரக் குடியிருப்பாளராக இருந்தாரோ அப்படியே அன்றும் இருக்கிறார். உறுதிமொழி விழாவில் எழுந்து நின்று வாக்குக் கொடுக்கும் கணம் வரை அப்படியே இருப்பார். இந்த இடைக்காலம் சிலருக்குச் சில மணி நேரம், சிலருக்குப் பல வாரம், சிலருக்குப் பல மாதம். வெறும் சடங்குக்கான காத்திருப்பு என்று இதை எண்ணுவதால்தான் தவிர்த்திருக்கக்கூடிய சிக்கல்கள் நேர்கின்றன.

உறுதிமொழிக்கு இவ்வளவு கனம் ஏன் என்பதை அறிய வரலாற்றைச் சற்றுப் பார்க்க வேண்டும். 1790-இல் இயற்றப்பட்ட முதல் குடியுரிமைச் சட்டமே, அரசியல் சாசனத்துக்குத் துணைநிற்பதாக நீதிமன்றத்தில் ஆணையிட வேண்டும் என்று கேட்டது. 1795-இல் வந்த சட்டம், பிறந்த நாட்டின் அரசனுக்கோ அரசுக்கோ இருந்த விசுவாசத்தைத் துறப்பதையும் அதனுடன் சேர்த்தது. அன்றைக்குக் குடியுரிமை வழங்கும் வேலை முழுவதும் நீதிமன்றங்களிடம் இருந்தது. படிவம், சொற்கள், சான்றிதழ் எல்லாம் ஊருக்கு ஊர் மாறின. 1906-இல் வந்த சட்டம்தான் அவற்றை ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவந்தது. 1929-இல் உறுதிமொழியின் வாசகம் நாடு முழுவதற்கும் ஒன்றாக்கப்பட்டது. 1990-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம், விண்ணப்பத்தைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை நீதிமன்றங்களிடமிருந்து எடுத்து நிர்வாகத்திடம் ஒப்படைத்தது. இன்று அதைச் செய்வது யு.எஸ்.சி.ஐ.எஸ். என்ற குடியேற்றத் துறை. தீர்மானிப்பவர் மாறினாலும், உறுதிமொழிதான் குடியுரிமையைப் பிறப்பிக்கிறது என்ற அடிப்படை மாறவில்லை. அதிகாரியின் ஒப்புதல், ஒருவர் உறுதிமொழி எடுக்கத் தகுதி பெற்றார் என்பதை மட்டுமே சொல்கிறது.

ஆகவே தகுதி நேர்காணல் நாளோடு நின்றுவிடுவதில்லை. உறுதிமொழி நாள் வரை அது தொடர வேண்டும். நன்னடத்தை என்று சட்டம் கேட்பது அந்த நாள் வரைக்கும்தான். அமெரிக்கக் குடிமகனை மணந்தவர் என்ற அடிப்படையில், வழக்கமான ஐந்தாண்டுக்குப் பதிலாக மூன்றே ஆண்டில் விண்ணப்பித்தவருக்கு நேர்காணலுக்குப் பிறகு மணமுறிவு ஏற்பட்டாலோ துணைவர் இறந்தாலோ, அந்தச் சலுகைக்கான தகுதியே போய்விடுகிறது. துக்கத்தில் இருப்பவருக்கு இதைச் சொல்வது கடினமானது. ஆனால் விழாவுக்குப் போய் நின்ற பிறகு தெரிவதைவிட முன்பே தெரிந்துகொண்டு, ஐந்தாண்டு நிறைவதற்கு எவ்வளவு காலம் பாக்கி என்று ஒரு வழக்கறிஞரிடம் கணக்குப் பார்த்துக்கொள்வது நல்லது.

இந்த இடைக்காலத்தில் நேரும் பிழைகளில் மிகக் கடுமையான விளைவைத் தருவது வாக்காளர் பதிவு. ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கச் செல்லும் இடத்தில், வாக்காளராகப் பதிய விருப்பமா என்று கேட்கும் வழக்கம் பெரும்பாலான மாநிலங்களில் உண்டு. நேர்காணலில் தேறிவிட்டோம் என்ற நம்பிக்கையில் "ஆம்" என்று குறித்துக் கையெழுத்திடுபவர், குடிமகன் ஆகுமுன்பே தம்மைக் குடிமகன் என்று எழுத்தில் சொல்லிவிடுகிறார். குடியேற்றச் சட்டத்தில் பொய்யாகக் குடியுரிமை கோருவதற்கு மன்னிப்பு மிக அரிது. நாடுகடத்தலுக்கே அது காரணமாகலாம். உண்மையில் வாக்களித்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். சான்றிதழ் கையில் வரும் வரை இந்தக் கேள்விக்கு "இல்லை" என்பது ஒன்றே சரியான பதில்.

வெளிநாட்டுப் பயணத்துக்குத் தடையில்லை. நிரந்தரக் குடியிருப்புக்கான கிரீன் கார்டும் தாய்நாட்டுப் பாஸ்போர்ட்டும் அப்போது செல்லும் என்பதால் போய்வரலாம். விழா அழைப்பு வந்துசேரும் நேரத்தில் ஊரில் இருக்க வேண்டும் என்பதுதான் கவலை. முகவரி மாறினால் துறைக்குப் பத்து நாளுக்குள் தெரிவிப்பது சட்டக் கடமை. பழைய முகவரிக்குப் போன அழைப்புக் கடிதத்தால் விழாவைத் தவறவிட்டவர்கள் உண்டு. நல்ல காரணம் காட்டாமல் ஒன்றுக்கு மேற்பட்ட விழாக்களுக்கு வராதவர், குடியுரிமை பெறும் எண்ணத்தையே கைவிட்டவராகக் கருதப்படுவார். ஏற்கப்பட்ட விண்ணப்பத்தைத் துறை மீண்டும் திறந்து மறுக்கலாம்.

காத்திருப்பு நீளும்போது இரண்டு நிலைகளைப் பிரித்துப் பார்ப்பது அவசியம். நேர்காணல் நடந்த பிறகும் முடிவு சொல்லாமல் அதிகாரி நிறுத்திவைத்தால், 120 நாளுக்குப் பின் மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றத்தை அணுகும் உரிமையைச் சட்டம் தருகிறது. நீதிமன்றம் தானே தீர்மானிக்கலாம் அல்லது குறித்த காலத்தில் முடிவெடுக்குமாறு துறைக்குத் திருப்பி அனுப்பலாம். விண்ணப்பம் மறுக்கப்பட்டால், முப்பது நாளுக்குள் என்-336 படிவத்தின் வழியே மறுவிசாரணை கேட்கலாம். ஒப்புதல் கிடைத்து விழாவுக்காக மட்டும் காத்திருப்பவரின் நிலை வேறு. அவர் அநேகமாக விழா நாள் ஒதுக்கப்படும் வரிசையில் இருக்கிறார், அல்லது அவருடைய கோப்பில் புதிதாக ஏதோ ஒன்று கவனத்துக்கு வந்திருக்கிறது. முதலாவதற்குப் பொறுமை போதும், இரண்டாவதற்கு எழுத்தில் விசாரிக்க வேண்டும்.

விழாவுக்கான அழைப்பு என்-445 என்ற படிவமாக வருகிறது. முன்பக்கத்தில் நாள், நேரம், இடம் இருக்கும். அதே படிவத்தில் சில கேள்விகளும் இருக்கும். இந்தக் கட்டுரையில் வாசகர் மறக்கக் கூடாத ஒரு தாள் உண்டென்றால் அது இதுதான். கேள்விகள் அனைத்தும் நேர்காணலுக்குப் பிந்தைய நாட்களைப் பற்றியவை: அதன்பின் திருமணமோ மணமுறிவோ நடந்ததா, நாட்டுக்கு வெளியே பயணம் செய்தீர்களா, ஏதேனும் குற்றத்துக்காகக் கைது செய்யப்பட்டீர்களா அல்லது நோட்டீஸ் பெற்றீர்களா, புதிதாக ஏதேனும் அமைப்பில் சேர்ந்தீர்களா, நாட்டுக்காக ஆயுதம் ஏந்தவோ மாற்றுப் பணி செய்யவோ இருந்த உங்கள் சம்மதத்தில் மாற்றம் உண்டா. விழா நாளன்று பதில் எழுதும்படி படிவமே கேட்டுக்கொள்கிறது. அழைப்பு வந்த அன்றே எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று குறித்து மேசை இழுப்பறையில் வைத்துவிடும் பழக்கம் தவறானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். அழைப்புக்கும் விழாவுக்கும் இடையே ஒரு வார இறுதியில் கனடா போய்வந்திருந்தாலும் பதில் மாறிவிடுகிறது.

"ஆம்" என்று எழுத அஞ்ச வேண்டியதில்லை. குறுகிய பயணமோ திருமணமோ விழாவை நிறுத்திவிடாது. நாளையும் இடத்தையும் அதிகாரி குறித்துக்கொண்டு அனுப்பிவிடுவார். போக்குவரத்து நோட்டீஸ் வந்திருந்தால் அபராதம் கட்டிய ரசீதுடன் போவது நல்லது. கைது நடந்திருந்தால் நிலைமை வேறு. வழக்கறிஞரைப் பார்க்காமல் விழாவுக்குப் போகக் கூடாது. உண்மையை எழுதினால் விழா தள்ளிப்போகலாம், அவ்வளவுதான். மறைத்துப் பெற்ற குடியுரிமையோ பல ஆண்டு கழித்தும் நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாகலாம். 2017-இல் மஸ்லென்யாக் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஓர் எல்லை வகுத்தது: பொய்யுரைத்துக் குடியுரிமை பெற்ற குற்றத்துக்காக ஒருவரைத் தண்டித்து அதைப் பறிக்க வேண்டுமானால், குடியுரிமை கிடைத்ததில் அந்தப் பொய்க்குப் பங்கு இருந்தது என்று அரசு நிறுவ வேண்டும் என்றது. பொருட்படுத்தத் தகாத பொய்க்காகக் குடியுரிமை போகாது என்பது ஆறுதல் தரும் தீர்ப்புதான். ஆனால் எது பொருட்படுத்தத் தகாதது என்பதை நீதிமன்றத்தில் நின்று கண்டறியும் நிலை யாருக்கும் வரக் கூடாது.

விழாக்கள் இரு வகை. நிர்வாக விழாவைத் துறையே தன் அலுவலகத்திலோ வாடகை மண்டபத்திலோ நடத்துகிறது. சில அலுவலகங்களில் நேர்காணல் நடந்த அன்றே இது முடிந்துவிடும். நீதிமன்ற விழாவில் கூட்டாட்சி நீதிபதி உறுதிமொழி செய்துவைக்கிறார். பாஸ்டனின் ஃபானுவில் மண்டபத்தில் நடப்பவை இவ்வகை. வர்ஜீனியாவில் தாமஸ் ஜெஃபர்சன் வாழ்ந்த மான்டிசெல்லோ மாளிகையில் 1963 முதல் ஜூலை 4 அன்று விழா நடத்தும் மரபும் உண்டு. இரண்டு வகையிலும் கிடைக்கும் குடியுரிமை ஒன்றே. ஆனால் பெயர் மாற்ற நினைப்பவருக்கு இந்த வேறுபாடு முக்கியமாகிறது. குடியுரிமையோடு சேர்த்துப் பெயரை மாற்றித்தர நீதிமன்றத்தால் மட்டுமே முடியும்.

தமிழர்களுக்கு இது சிறிய விஷயமன்று. தலைப்பெழுத்தும் சொந்தப் பெயரும் மட்டுமே கொண்ட நம் மரபு, முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் போட்டுக் கேட்கும் அமெரிக்கப் படிவங்களில் பொருந்துவதில்லை. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலியாக இருந்தவர்களுக்கு, சொந்தப் பெயரே குடும்பப் பெயராகி, முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யூ. என்ற மூன்றெழுத்து வந்து உட்கார்ந்துவிடுகிறது. முதற்பெயர் தெரியவில்லை என்பது அதன் பொருள். கணவரின் பெயர், தந்தையின் பெயர், ஊர்ப்பெயர் என்று ஒவ்வோர் ஆவணத்தில் ஒவ்வொன்றாக இருப்பதும் உண்டு. தனியாக மாநில நீதிமன்றத்துக்குப் போய்ச் செலவழிக்காமல் இதையெல்லாம் சீராக்கிக்கொள்ள நீதிமன்ற விழா நல்ல வாய்ப்பு. குடியுரிமைக்கான என்-400 விண்ணப்பத்திலேயே அந்த விருப்பத்தைத் தெரிவிக்க வேண்டும். விழா சற்றுத் தாமதமாகலாம் என்பதையும் ஏற்க வேண்டும். என் கருத்தில், எஃப்.என்.யூ.வைக் களைவதற்கு இந்த வாய்ப்பைப் பயன்படுத்துவது நியாயமானது. ஆனால் பல்கலைக்கழகப் பட்டம், பிறப்புச் சான்றிதழ், ஊரில் உள்ள நிலப்பத்திரம் ஆகியவற்றில் உள்ள பெயரிலிருந்து வெகுதூரம் விலகும் புதிய பெயரைத் தேர்ந்தெடுப்பவர், இருவரும் ஒருவரே என்று வாழ்நாள் முழுவதும் நிரூபித்துக்கொண்டிருக்க நேரும். பெயர் மாற்றத்துக்கான நீதிமன்றத் தாளைச் சான்றிதழுக்கு இணையாகப் பாதுகாக்க வேண்டும்.

விழா நாளில் நுழைவாயிலிலேயே என்-445 படிவத்தை அதிகாரி வாங்கிப் பார்க்கிறார். கிரீன் கார்டையும், மறுநுழைவு அனுமதி போன்ற பயண ஆவணங்கள் இருந்தால் அவற்றையும் திரும்பப் பெறுகிறார். பிறகு அனைவரும் எழுந்து, வலது கையை உயர்த்தி, நீதிபதியோ அதிகாரியோ சொல்வதைத் திருப்பிச் சொல்கிறார்கள். வேற்று நாட்டு அரசுக்கான விசுவாசத்தை முற்றிலும் துறத்தல், அரசியல் சாசனத்தையும் சட்டங்களையும் எல்லாப் பகைவரிடமிருந்தும் காத்தல், சட்டம் கோரும்போது ஆயுதம் ஏந்துதல் அல்லது படையில் போரிடாப் பணி செய்தல் அல்லது தேசிய முக்கியத்துவம் கொண்ட குடிமைப் பணி செய்தல், இவற்றையெல்லாம் மனத்தில் மறைவான விலக்கு எதுவுமின்றி ஏற்றல் என்பவை அதன் உள்ளடக்கம்.

ஆயுதம் பற்றிய பகுதிக்குப் பின்னால் ஒரு நெடிய வழக்கு வரலாறு உண்டு. ஹங்கேரியில் பிறந்த அமைதிவாதி ரோசிகா ஷ்விம்மர், ஆயுதம் ஏந்த மாட்டேன் என்று வெளிப்படையாகச் சொன்னதால் 1929-இல் உச்ச நீதிமன்றம் அவருக்குக் குடியுரிமையை மறுத்தது. 1946-இல் ஜிரார்ட் வழக்கில் அதே நீதிமன்றம் அந்தக் கொள்கையைக் கைவிட்டு, மனச்சாட்சியின்படி ஆயுதம் மறுப்பவரும் நல்ல குடிமகனாக இருக்க முடியும் என்று ஏற்றது. 1950-ஆம், 1952-ஆம் ஆண்டுச் சட்டங்கள் ஆயுதக் கடமையையும் அதற்கான விலக்கையும் ஒருங்கே எழுதிவைத்தன. அதனால்தான் இன்று, ஆழ்ந்த மத நம்பிக்கையோ அதற்கு நிகரான அறநம்பிக்கையோ உள்ளவர்கள் அந்தப் பகுதியை விடுத்து உறுதிமொழி எடுக்கலாம். கடவுளின் பெயரைக் குறிப்பிட விரும்பாதவரும் அதை நீக்கிச் சொல்லலாம். முன்கூட்டியே கேட்டால் போதும்.

பிள்ளைகளோடு வந்து வாழும் முதிய பெற்றோர் பற்றியும் சொல்ல வேண்டும். ஐம்பது வயதும் இருபதாண்டு கிரீன் கார்டும், அல்லது ஐம்பத்தைந்து வயதும் பதினைந்தாண்டு கிரீன் கார்டும் உள்ளவர்கள் ஆங்கிலத் தேர்வின்றி, மொழிபெயர்ப்பாளர் உதவியுடன் தமிழிலேயே குடிமையியல் தேர்வு எழுதலாம் என்பதைப் பலர் அறிவர். நினைவிழப்பு நோய் முற்றி, உறுதிமொழியின் பொருளையே உணர முடியாத நிலையில் உள்ளவர்களுக்கு உறுதிமொழியிலிருந்தே விலக்குக் கேட்கலாம் என்பதை அறிந்தவர் குறைவு. 2000-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் இதற்கு வழி செய்தது; மருத்துவரின் எழுத்துச் சான்று வேண்டும். உறுதிமொழியையே மையமாகக் கொண்ட சட்டம், அதைச் சொல்ல இயலாதவரைக் கைவிடாமல் இப்படி ஒரு வாசலைத் திறந்துவைத்திருப்பது எனக்கு மிகவும் மதிப்புக்குரியதாகத் தோன்றுகிறது.

விழா முடிவில் கையில் வருவது குடியுரிமைச் சான்றிதழ், என்-550. மண்டபத்தை விட்டு வெளியேறுமுன் பெயரின் எழுத்து, பிறந்த நாள், முன்னைய நாடு ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும்; பிழை இருந்தால் அங்கேயே சொல்வது எளிது, பிறகு என்-565 படிவம் போட்டுக் காத்திருக்க நேரும்.

இந்தியர்களைப் பொறுத்தவரை இந்தத் தாள் எளிதில் கிடைத்ததன்று. முதல் உலகப் போரின்போது அமெரிக்கப் படையில் பணியாற்றிய பகத் சிங் திண்ட் 1918 டிசம்பரில் குடியுரிமை பெற்றார். நான்கே நாளில் அது ரத்தாயிற்று. 1920-இல் ஓரிகனில் மீண்டும் பெற்றார். வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க மரபினருக்கும் மட்டுமே உரியது என்று சட்டம் வரையறுத்த குடியுரிமை அவருக்கு உரியதன்று என 1923-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததால் அதுவும் பறிபோனது. ஏற்கெனவே குடிமக்களாகியிருந்த வேறு பல இந்தியரின் குடியுரிமையும் அதைத் தொடர்ந்து பறிக்கப்பட்டது. 1946-இல் வந்த லூஸ்-செல்லர் சட்டம்தான் இந்தியருக்குக் கதவைத் திறந்தது. வானியற்பியல் அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1953-இல் அமெரிக்கக் குடிமகனானது அதற்குப் பிறகே.

சான்றிதழ் கிடைத்ததும் முதல் வேலை பாஸ்போர்ட். டிஎஸ்-11 படிவத்துடன் நேரில் சென்று, மூலச் சான்றிதழையே ஒப்படைக்க வேண்டும். அது தனி அஞ்சலில் திரும்பி வரும் என்பதால் முன்பே ஒரு நகல் எடுத்துவைப்பது நல்லது. சமூகப் பாதுகாப்புத் துறையின் பதிவிலும் குடியுரிமை நிலை மாற வேண்டும். வாக்காளராகப் பதிய இப்போது தடையில்லை.

பிள்ளைகள் விஷயத்தில் நாள் கணக்கு மிக முக்கியம். 2001 பிப்ரவரி 27 முதல் நடைமுறையில் உள்ள சட்டத்தின்படி, பதினெட்டு வயது நிறையாத, கிரீன் கார்டு உள்ள, அமெரிக்காவில் பெற்றோரின் சட்டப்பூர்வப் பொறுப்பில் அவர்களோடு வாழும் பிள்ளை, தாயோ தந்தையோ உறுதிமொழி எடுத்த கணமே தானும் குடியுரிமை பெற்றுவிடுகிறது. அதற்குத் தனி விண்ணப்பமோ தேர்வோ இல்லை. நேரடியாகப் பாஸ்போர்ட் கேட்கலாம். விழா, பிள்ளையின் பதினெட்டாம் பிறந்த நாளுக்கு மறுநாள் நடந்தால் இந்த வழி அடைபட்டுவிடும். பிள்ளை தனியாக என்-400 போட வேண்டியதுதான். பதினேழு வயதுப் பிள்ளை உள்ள வீட்டில், காரணத்தை எழுதி முன்கூட்டிய விழா நாள் கேட்கத் தயங்கக் கூடாது.

இனி இந்தியப் பக்கம். உறுதிமொழியில் வேற்று விசுவாசத்தைத் துறக்கச் சொன்னாலும், அமெரிக்க அதிகாரி யாருடைய இந்தியப் பாஸ்போர்ட்டையும் கேட்பதில்லை. இரட்டைக் குடியுரிமையை அமெரிக்கா தடுப்பதுமில்லை. இந்தியக் குடியுரிமையை முடித்துவைப்பது இந்தியாவின் சட்டமே. 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், 9-ஆம் பிரிவு, வேறொரு நாட்டின் குடியுரிமையைத் தன்விருப்பில் பெறுபவர் அந்தக் கணமே இந்தியக் குடிமகனாக இருப்பதை இழக்கிறார் என்கிறது. அதன்பின் பழைய பாஸ்போர்ட்டில், அதில் எத்தனை ஆண்டு பாக்கி இருந்தாலும், பயணம் செய்வது குற்றம். அதை ஒப்படைத்துச் சரண்டர் சான்றிதழ் பெற வேண்டும். அந்தச் சான்றிதழைக் கொண்டுதான், வெளிநாட்டுக் குடிமகனான இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா வழங்கும் ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்க முடியும். ஓ.சி.ஐ. வாழ்நாள் விசா போன்றது. வாக்குரிமை தராது, விவசாய நிலம் வாங்கவும் விடாது, ஆனால் பூர்விக நிலம் வாரிசுரிமையில் வருவதைத் தடுப்பதில்லை. இலங்கையர்களும் வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றால் தங்கள் குடியுரிமையை இழக்கிறார்கள். எனினும் அதைத் தக்கவைக்கவோ மீண்டும் பெறவோ விண்ணப்பிக்க அந்நாட்டுச் சட்டம் இடம்தருகிறது.

இதனால் உறுதிமொழிக்குப் பின்வரும் சில வாரங்களுக்கு, பயணம் செய்யத்தக்க ஆவணம் எதுவும் ஒருவர் கையில் இருப்பதில்லை. கிரீன் கார்டு போய்விட்டது, இந்தியப் பாஸ்போர்ட் செல்லாது, அமெரிக்கப் பாஸ்போர்ட் இன்னும் வரவில்லை. அது வந்த பிறகும் இந்தியா செல்ல விசாவோ ஓ.சி.ஐ.யோ வேண்டும். அவசரப் பாஸ்போர்ட்டுக்கும் அவசர விசாவுக்கும் வழி உண்டு என்றாலும், தாயோ தந்தையோ ஊரில் கடைசிப் படுக்கையில் இருக்கும்போது ஒவ்வொரு நாளும் பெரிது. அப்படி ஒரு நிலை கண்ணுக்குத் தெரிகிறதென்றால், என்-445 அழைப்பை ஒரு கடிதத்துடன் துறைக்குத் திருப்பி அனுப்பி, காரணம் சொல்லி, வேறு நாள் கேட்கலாம். தக்க காரணத்தோடு எழுத்தில் கேட்ட ஒத்திவைப்பு, விண்ணப்பத்தைக் கைவிட்டதாகக் கொள்ளப்படாது. அதுவரை கிரீன் கார்டும் இந்தியப் பாஸ்போர்ட்டும் செல்லும். ஊருக்குப் போய்ப் பெற்றோரைப் பார்த்துவிட்டு வந்து, அந்தப் பயணத்தைப் புதிய அழைப்பின் கேள்விகளில் குறித்துவிட்டு உறுதிமொழி எடுத்துக்கொள்ளலாம்.